முதுசம்: பிரிபடாத பங்கு



தொழிற்சாலையில் தேநீர் இடைவேளைக்கு எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால், கதை எங்கு தொடங்கினாலும் கடைசியில் ஊர்க் காணியில் வந்துதான் நிற்கும். ஆகவே இம்முறை சொத்துப் பிரிப்பைப் பற்றி எழுதுகிறேன்.

காணிச் சண்டை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஜேர்மனியில் பவேரியாவை ஆண்ட குடும்பம் 1392இல் சகோதரர்களுக்குள் நாட்டையே மூன்றாகப் பிரித்தது. அதன் வழி வந்தவர்கள் பிறகு பங்குக்காகப் போர் செய்தார்கள். 1506இல்தான், இனிப் பிரிப்பதில்லை, மூத்த மகனுக்கே எல்லாம் என்று சட்டம் செய்தார்கள். இங்கிலாந்துப் பிரபுக்கள் அதற்கு முன்பே மூத்தவனுக்குக் கொடுத்துவிட்டு, தம்பிமாரைப் படைக்கும் தேவாலயத்துக்கும் அனுப்பினார்கள். அந்த வழக்கம் கப்பலேறி இங்கேயும் வந்தது. மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் காணி மூத்த மகனுக்கு என்ற விதியை நியூ சவுத் வேல்ஸ் 1862இல்தான் நீக்கியது.

எங்கள் யாழ்ப்பாணத்து வழி வேறு. 1707இல் ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையை எழுதி முடிக்க, 12 தமிழ் முதலிமார் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அதில் சொல்லப்படும் ஆதி வழக்கு இதுதான்: தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு, இருவரும் சேர்ந்து தேடிய தேட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும். பிரபு வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்காத காணி எங்கள் பெண்ணுக்குக் கிடைத்தது. ஆனால் சீதனம் வாங்கிய மகள் பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது.

இதில் நன்மை இருந்தது, சிக்கலும் இருந்தது. 16 பரப்பு, அதாவது ஓர் ஏக்கர் காணி, நான்கு பிள்ளைகளுக்குப் போனால் ஆளுக்கு நான்கு பரப்பு. அவர்களுக்கும் நான்கு நான்கு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒரு பரப்பு. பல குடும்பங்களில் வேலி போட்டுப் பிரிக்கவும் இல்லை; உறுதியில் மட்டும் 'பிரிபடாத பங்கு' என்று இருக்கும். ஊரில் எல்லோரும் இருந்தபோது அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. இன்று ஒரு பங்காளி ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில், ஒருவர் மெல்பேர்ணில். பேரப்பிள்ளைகளுக்குக் காணியின் பெயரே தெரியாது.

ஆகவே சில விடயங்களை மனதில் வையுங்கள். ஊர்க் காணிக்கு இலங்கைச் சட்டம்தான். தேசவழமையின்படி பங்கை வெளியாளுக்கு விற்குமுன் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். மனைவியின் காணியை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. பிறத்தியார் உங்கள் காணியைப் 10 வருடம் தன்னுடையதாக ஆண்டால் உரிமை கோரலாம். போரால் போக முடியாதிருந்தவர்களுக்கு 2016இல் விசேட சட்டம் வந்தது. அதன் அவகாசம் இரண்டு வருடம்தான், அது முடிந்துவிட்டது. மட்டக்களப்பு, திருகோணமலை ஆட்களுக்குப் பொதுவாகத் தேசவழமை இல்லை, நாட்டின் பொதுச் சட்டமே.

இங்கே வாங்கிய வீட்டுக்கு முதுசமும் சீதனமும் தெரியாது. மரணசாசனம் இல்லாவிட்டால், நியூ சவுத் வேல்சிலும் விக்டோரியாவிலும், பிள்ளைகள் எல்லோரும் அந்த இருவருக்கும் பிறந்தவர்கள் என்றால் எல்லாம் கணவன் அல்லது மனைவிக்கே. வேறு விதமாக விரும்பினால் எழுதித்தான் வைக்க வேண்டும்.

இந்த வார இறுதியில் ஒரு கொப்பியை எடுங்கள். காணியின் பெயர், உறுதி இலக்கம், எல்லைகள், பங்காளிகளின் பெயர்கள், யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அம்மா, அப்பா உயிரோடு இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்களின் ஞாபகத்தில் உள்ளது எந்தக் கந்தோரிலும் கிடைக்காது.