மல்லிகைக்கு ஏற்ற மண்



விடுமுறைக்கு ஊருக்குச் சென்று டெல்லிக்குத் திரும்பும் நம்மவர்களின் பைகளில் புளி, அப்பளம், முருங்கைக்காய் ஆகியவற்றோடு, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு மல்லிகைக் கன்றும் இருப்பதுண்டு. நம் சபைகளின் சகோதரிகளில் பலர் பூச்சூடுவதில்லை. ஆயினும் மாலை வேளையில் வீட்டுக்குள் வீசும் அந்த மணத்தை வேண்டாம் என்பவர் எவருமில்லை. ஊரை விட்டு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்கிற நமக்கு அது ஊரின் மணம் அல்லவா?

அவ்வாறு கொண்டுவரப்படும் கன்று முதலாண்டில் துளிர்த்துச் சில மொட்டுகளும் விடுகிறது. இரண்டாம் ஆண்டில் இலைகள் மஞ்சளாகி மடிந்துபோகிறது. "டெல்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லித் தொட்டியை ஒதுக்கிவிடுகிறோம். குளிருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் பெரும்பாலும் காரணம் இருப்பது வேரைச் சுற்றிலுமுள்ள மண்ணிலேயே. நல்ல மண் வாய்த்தால் மல்லிகை பத்தாண்டுகளுக்கு மேலும் பூக்கக்கூடிய பல்லாண்டுச் செடி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதன் மணத்துக்கும் தடித்த இதழ்களுக்கும் அவ்வட்டாரத்துச் செம்மண் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. கன்றுகளோ பெரும்பாலும் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் வேர்விட்டவை. இவ்விரண்டிலிருந்தும் நாம் அறிவது என்ன? மல்லிகையின் வேருக்கு ஈரம் வேண்டும். தேங்கிய நீர் ஆகாது. மண்ணின் கார அமிலத் தன்மையும் நடுநிலையை ஒட்டியே இருக்க வேண்டும்.

டெல்லியின் மண் வேறு வகையானது. ஒரு பக்கம் யமுனை கொண்டுவந்து படியவைத்த நுண்ணிய வண்டல். மறுபக்கம் ஆரவல்லித் தொடரின் பாறைச் சரிவு. வண்டல் வளமானதே, ஆனால் பல இடங்களில் சற்றுக் காரத்தன்மை உடையது. நீர் ஊற்றினால் சேறாகும். காய்ந்தால் ஓடுபோல் இறுகும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரைத் தொடர்ந்து ஊற்றினால் காரம் மேலும் கூடும்.

சரோஜினி நகரில் வாழ்வோர் இன்னொன்றையும் கருத வேண்டும். இங்கிருந்த பழைய அரசு குடியிருப்புகளின் தரைத்தள வீடுகளில் முன்னும் பின்னும் சிறு தோட்டம் இருந்தது. பல்லாண்டுகளாக இலையும் சருகும் விழுந்து மக்கிய மண் அது. 2016 ஜூலையில் சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2018இல் மரங்களை வெட்டுவதை எதிர்த்து மக்கள் திரண்டதையும், டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததையும் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். தோட்ட வீட்டிலிருந்து அடுக்குமாடிக்குச் சென்றவர்களுக்கு இன்று தோட்டம் என்பது மாடி முகப்பிலுள்ள தொட்டிகளே. கட்டுமானம் நடக்கும் இடத்தருகே கிடைக்கும் மண்ணில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். அடித்தளத்துக்காகத் தோண்டி எடுத்த ஆழத்து மண்ணில் மக்கு இராது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று இவற்றைத் தொட்டியில் நிரப்ப வேண்டாம்.

மண்ணைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. காய்ந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து, அதன்மேல் சிறிது வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு மிகுதி. அம்மண் மல்லிகைக்கு ஏற்றதன்று. பின்னர் ஈர மண்ணைக் கையில் உருட்டிப் பாருங்கள். உருண்டையாகி, விரலால் தட்டியவுடன் உதிர்ந்தால் நல்லது. மெழுகுபோல் ஒட்டினால் மணல் சேர்க்க வேண்டும். உருண்டையே ஆகாவிட்டால் எருவைக் கூட்ட வேண்டும்.

கலவைக்கான அளவு இதோ: தோட்டத்து மேல்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நர்சரிகளில் "கோபர் காத்" என்று கேட்டால் எரு கிடைக்கும். மக்காத எரு வெந்து வேரைக் கெடுக்கும்; ஆதலால் நாற்றமின்றிக் கறுத்து உதிர்வதையே வாங்குங்கள். யமுனை மணல் மிக நுண்ணியது. வண்டலோடு சேர்ந்து இறுகிவிடும். டெல்லியில் "பதர்ப்பூர்" என வழங்கும் பருமணலே தகும். அதையும் சிமெண்டு படாததாகப் பார்த்துக் கழுவிப் பயன்படுத்துங்கள்.

தொட்டி 12 முதல் 14 அங்குல அகலம் இருக்கட்டும். அடித்துளையின்மேல் ஓர் ஓட்டுத்துண்டு போதும். அடியில் கல்லை அடுக்கினால் நீர் நன்றாக வடியும் என்பது பழைய எண்ணம். உண்மையில் கல்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே நீர் தங்கி, வேருக்கான இடமும் குறைகிறது. 2024 ஜூன் 28 அன்று காலை வரையிலான 24 மணி நேரத்தில், நமக்கு அருகிலுள்ள சப்தர்ஜங் நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய நாளில் அடித்தட்டில் நின்ற நீரைக் கொட்டாமல் விட்டால், கோடையில் 45 பாகை வெயிலைத் தாங்கிய செடியும் வேரழுகி மடியும்.

ஊரிலிருந்து வந்த கன்றின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்குமாயின், அதை அப்படியே நடாமல் நீரில் நனைத்து வெளிப்புறத்தை மெல்ல உதிர்த்துவிட்டு நடுங்கள். சுற்றியுள்ள மண் வேறு, உருண்டை வேறு என்றிருந்தால் நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் செல்லாது. வேரும் வெளியே வரத் தயங்கும்.

இளம் இலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்பதன்று. காரம் மிகுந்தால் அது கரையாமல் கிடக்கிறது, வேரால் உறிஞ்ச இயலவில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, மஞ்சள் மாறும் வரை மாதம் ஒருமுறை இலைமேல் தெளிக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மாலையில் தெளியுங்கள், தரையில் பட்டால் துருக்கறை படியும்.

தமிழ்நாட்டில் குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் கவாத்து செய்வார்கள். இங்கு அதன்பின் கடுங்குளிர் வருவதால், பிப்ரவரித் தொடக்கம் வரை பொறுத்திருப்பது நலம். தொட்டியின் மேல்மண்ணை இரண்டங்குலம் நீக்கிப் புதிய எருக்கலவை இடுவதற்கும் அதுவே காலம். குளிர்மாதங்களில் செடி உறங்கும். அப்போது நீரைக் குறையுங்கள்.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் நால்வகை நிலத்தின் உவமையை அறிவார்கள். வயலில் நிலம் எப்படியோ அப்படியே விளைவு. தொட்டியிலோ நிலத்தை ஆயத்தம் செய்வது நம் கையில் இருக்கிறது. பூசாவிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரில் பிறந்ததன்று. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பீகாரின் பூசாவில் இடிந்தபின், 1936இல் டெல்லிக்கு வந்து, பழைய ஊரின் பெயரையும் இங்கே ஊன்றியது. மல்லிகைக்குப் பெயரோடு மண்ணும் வேண்டும். இந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு தொட்டி மண்ணையாவது சோதித்துப் பாருங்கள்.