பேச்சிழந்தவர் பாடினார்

1745-ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டு அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் ஒரு சிறு குறிப்பு இடம்பெற்றது. எழுதிய ஓலோஃப் டாலின் மருத்துவர் அல்லர், கவிஞர். கடும் நோயினால் உடலின் வலப்புறம் முழுவதும் செயலிழந்து, பேச்சையும் அறவே இழந்த ஒருவரைப் பற்றியது அக்குறிப்பு. ‘ஆம்’ என்னும் ஒரு சொல்லைத் தவிர அவர் வாயிலிருந்து வேறெதுவும் வாராது. எதையும் கைச்சாடையாலேயே தெரிவிப்பார். ஆயினும், நோய்க்கு முன் தாம் கற்றிருந்த துதிப்பாடல்களை, நலமுள்ள எவரையும் போல் திருத்தமாகப் பாடினாராம். தொடக்கத்தில் மட்டும் அருகிருப்பவர் ஒருவர் உடன்பாடி எடுத்துக் கொடுக்க வேண்டும். சில பிரார்த்தனைகளையும் அவ்வாறே ஒரு தாளக்கட்டுடன், உரத்த குரலில் சொல்லிவிடுவார்.

இதன் காரணம் புலப்படத் தொடங்கியது நூறாண்டுகளுக்குப் பிறகே. 1861 ஏப்ரலில், பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் பால் பிரோக்கா என்னும் அறுவை மருத்துவரிடம் லெபோர்ன் என்பவர் கொண்டுவரப்பட்டார். வயது 51. எது கேட்டாலும் ‘டான், டான்’ என்பதே அவருடைய விடை. அதனால் ‘டான்’ என்பதே அவர் பெயராகிவிட்டது. ‘எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்?’ என்று பிரோக்கா வினவினார். அவர் ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பின்னர் ஒரு விரலை நீட்டினார். 21 ஆண்டுகள், கணக்கு மிகச் சரி! மறுநாளும் அதே கேள்விக்கு அதே விடை. மூன்றாம் முறை கேட்டபோது, தம்மைச் சோதிக்கிறார்கள் என்பதை உணர்ந்து சினந்தார். அப்போது இறைவன் பெயரை இழுத்து ஒரு வசவு, தெள்ளத் தெளிவாக, அவர் வாயிலிருந்து வந்ததாம்! பேச இயலாதவருக்குச் சினத்தில் மட்டும் சொல் வந்தது எப்படி? பாட்டைப் போலவே, பழகிய வசவுக்கும் வழி வேறு.

சில நாள்களில் அவர் காலமானார். மூளையை ஆராய்ந்த பிரோக்கா, இடப்பாதியின் முன்பகுதியில் ஒரு கோழிமுட்டை கொள்ளுமளவு பள்ளம் இருக்கக் கண்டார். சொற்களைக் கோத்து நாவுக்கு அனுப்பும் இடம் அது. 1874-இல் கார்ல் வெர்னிக்கி என்ற ஜெர்மானிய மருத்துவர், இடக்காதுக்கு மேலாகச் சற்றுப் பின்னே வேறோர் இடத்தைக் குறித்தார். அங்கே பழுதானால் பேச்சு தங்குதடையின்றி ஓடும், பொருள்தான் இராது, பிறர் சொல்வதும் விளங்காது. வங்கியில் பணம் வாங்கும் கவுன்ட்டரும் வரைவோலை எழுதும் கவுன்ட்டரும் வேறு வேறாக இருந்ததை எண்ணிக் கொள்கிறேன். ஒன்று மூடிவிட்டால் கிளையையே இழுத்துப் பூட்டிவிட்டதாகக் கருதக் கூடாது. ஆனால் மூளையின் பகுதிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பியபடியே இருப்பவை. என் உவமை அதற்குமேல் செல்லாது.

நம் இல்லங்களில் நேர்வது இதனால்தான் வருத்தம் தருகிறது. பக்கவாதத்தில் நாக்குக் குழறிவிட்ட பெரியவரை, ‘அவருக்கு நினைவே இல்லை’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அவர் எதிரிலேயே சொத்து விவகாரம் பேசுகிறோம். செவிடரிடம் பேசுவதுபோல் காதருகே கத்துகிறோம். டானைப் போல் அவரும் அனைத்தையும் புரிந்துகொண்டிருக்கக் கூடும். ஆம், இல்லை என்று தலையசைத்து விடை தரத்தக்க கேள்விகளாக, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். கையொப்பமிட இயலாத முதியவரின் கைரேகையை, வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரு சாட்சிகள் முன்னிலையில் பெற்றுப் பணம் தரும் விதி இருக்கிறது. பேச்சு போனதால் கணக்குக்குரிய உரிமை போய்விடுவதில்லை.

இன்னொன்று. திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டியது. ‘விடிந்ததும் பார்க்கலாம்’ என்பது இங்கே உதவாது.

பாட்டுக்கு வருவோம். இசையில் மூளையின் வலப்பாதிக்குப் பெரும் பங்கு உண்டு. இளமை முதல் நெட்டுருவாகிவிட்ட துதிகளும், ஒன்று, இரண்டு என எண்ணுவதும், புதிதாகச் சொல் தேடிப் பேசும் வழியை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. அதனால்தான் இடப்பாதி பழுதடைந்த சிலர், காபி வேண்டுமென்று கேட்க இயலாதபோதும், நாள்தோறும் சொல்லி வந்த துதியைத் தொடர்ந்து சொல்லிவிடுகின்றனர். 1973-இல் பாஸ்டன் நகர வல்லுநர்கள் இதையே ஒரு பயிற்சியாக வகுத்தனர். நோயாளியின் இடக்கையை மெல்லத் தட்டியவாறே, ‘தண்ணீர் வேண்டும்’ போன்ற சிறு தொடரை இரண்டே சுரங்களில் அவருடன் சேர்ந்து பாட வேண்டும். பிறகு துணைக்குரலைப் படிப்படியாகக் குறைத்து, இசையையும் தளர்த்திப் பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. பலித்தாலும் மாதக்கணக்கில் ஆகும். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் கேட்டுத் தொடங்குவது நலம். முதலடியை எடுத்துக் கொடுக்க, வீட்டில் ஒருவர் நாள்தோறும் அருகே அமர வேண்டியிருக்கும்.