சுப்ரபாதத்தை ஏன் சார் கிணத்துக்குள்ள போடறீங்க?

எம்.எஸ். பாடிய வெங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வந்தது 1963ல். சந்தைக்கு வந்த முதல் டிஜிட்டல் ரிவெர்ப், இஎம்டி 250, பிறந்ததே 1976ல்தான். அந்தப் பெட்டி இல்லாமலேயே திருப்பதி, சித்தூர் டீக்கடைகளில் விடிகாலையில் ஒவ்வொரு எழுத்தும் கணீர்னு கேட்டது.

முன்பெல்லாம் எதிரொலி வேணும்னா தனி அறை வேணும், இல்லைன்னா கால் டன்னுக்கு மேல் எடையுள்ள இஎம்டி 140 தகடு வேணும். இப்போ கம்ப்யூட்டரில் இலவசம். அதான் அள்ளிக் கொட்டுறாங்க. கேட்டா 'கோயில் எஃபெக்ட்'டாம்!

ரிவெர்ப்னா என்ன? ஒரே குரலின் நூற்றுக்கணக்கான நகல்களைக் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாக, தேய்த்துத் தேய்த்துத் திருப்பி விடுவது. அளவா போட்டா அழகுதான், யார் இல்லைன்னா? அதன் வால் 3 விநாடி நீண்டால், ஒரு சொல் அடங்குமுன் அடுத்தது மேலே வந்து விழும். சமஸ்கிருதக் கூட்டெழுத்தெல்லாம் கூழ்.

கல் மண்டபமும் எதிரொலிக்குமேன்னு வாதாடுவாங்க. எதிரொலிக்கும். அங்கே சாமி முன்னாடி நிக்கறோம்; இங்கே காரில் ஆபீஸ் போய்க்கிட்டே கேக்கறோம்.

நம்ம பிள்ளைகளுக்கு இந்த ஊரில் பாட்டு வாத்தியார் ஏது? உச்சரிப்பு கத்துக்கறதே இந்தப் பதிவுகளைக் கேட்டுத்தான். எதிரொலி வேணும்னா கேக்கறவன் சேர்த்துக்கலாம். கலந்ததை முழுசா பிரிச்செடுக்க முடியாது. மிக்ஸிங் அண்ணாச்சிகளா, அந்தக் குமிழைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்க!