மிச்சம் எங்கே? மீட்டர் சொல்லட்டும்!

"ஒரு யூனிட்டை மிச்சம் பிடித்தால் ஒரு யூனிட்டை உற்பத்தி செய்த மாதிரி" என்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஒரு யூனிட்டுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று திருவெறும்பூரில் கொதிகலன் செய்யும் தொழிலாளிக்குத் தெரியும். ஆனால் மிச்சம் பிடித்தது மெய்தானா? யார் அளந்து பார்த்தார்கள்?

2015 ஜனவரியில் மத்திய சர்க்கார் 'உஜாலா' திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகமாயின. பொதுத்துறைக் கம்பெனிகள் கூடி அமைத்த ஸ்தாபனம் மொத்தமாக வாங்கியதால், 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. இது நல்ல காரியம், வரவேற்கிறோம்.

ஆனால் இதனால் ஆண்டுக்கு 4,700 கோடி யூனிட்டுக்கு மேல் மிச்சம் என்கிறது சர்க்கார். தோழர்களே, வகுத்துப் பாருங்கள். பல்பு ஒன்றுக்குச் சுமார் 130 யூனிட். 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி 9 வாட் பல்பை மாட்டினால் மிச்சம் 51 வாட். அது 130 யூனிட்டாக வேண்டுமானால், ஒவ்வொரு பல்பும் தினம் 7 மணி நேரம், ஆண்டு முழுவதும் எரிய வேண்டும். கழற்றியது 14 வாட் சி.எப்.எல். பல்பாக இருந்தால் மிச்சம் வெறும் 5 வாட்தான்!

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம், வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மாவைக் கேட்டேன். "முன்னே ஒரே பல்பு, தம்பி. இப்போ திண்ணைக்கு ஒண்ணு, அடுப்படிக்கு ஒண்ணு, ஆக மூணு" என்றார். காகிதக் கணக்கில் மூன்று பல்புக்கு 153 வாட் மிச்சம். அந்த வீட்டில் உள்ள மிச்சமோ 33 வாட். இது அந்த அம்மாவின் குற்றமா? இல்லவே இல்லை. இருட்டில் சமைத்தவர் வெளிச்சத்தில் சமைக்கிறார். அது வீண் செலவல்ல, அவருடைய உரிமை. குற்றம் கணக்கில்தான்.

மெக்ஸிகோவில் 2009-ல், பழைய குளிர்சாதனப் பெட்டிகளை மாற்றிக்கொள்ள சர்க்கார் பணம் கொடுத்தது. பிறகு ஆய்வாளர்கள் வீடுகளின் மின்கட்டணக் கணக்கையே எடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த மிச்சத்தில் கால் பங்குதான் கிடைத்திருந்தது. ஏ.சி. மாற்றிய வீடுகளிலோ மின்செலவு கூடியே போயிருந்தது!

நம் மின்வாரியத்துக்கு இது கஷ்டமான வேலையா? இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீடு வீடாக எடுத்த ரீடிங் அதன் கையிலேயே இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த வீட்டையும் சேராத வீட்டையும், முன்னும் பின்னும் ஒப்பிட்டால் உண்மை வெளிவரும். அதை ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

இன்னொன்று. இரவெல்லாம் ஓடுவது பல்பல்ல, மின்விசிறி. 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் சுமார் 32 யூனிட் மிச்சம். ஆனால் அதன் விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். 2016 முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கும் ஏழை வீட்டுக்குக் கட்டணமே இல்லை. ஆகவே அந்த வீடு மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் வாரியத்துக்கே லாபம். லாபம் வாரியத்துக்கு, செலவு கூலிக்காரருக்கா? விசிறியை வாரியமே கொடுக்கட்டும். மிச்சத்தை மீட்டர் சொல்லட்டும்!