பூச்சிக்கு யார் கொடுத்தது நற்சான்று?

காட்டில் வழிதவறியவர்கள் பூச்சிகளைத் தின்று உயிர்பிழைக்கலாம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதன் வாதம் மொத்தமும் நான்கு வரிதான். உலகில் 200 கோடிப் பேர் பூச்சி தின்கிறார்கள், ஆகவே அது பாதுகாப்பானது. மாட்டிறைச்சியைவிட மூன்று மடங்குக்கு மேல் புரதம், ஆகவே பசிக்கு அதுவே மருந்து. பளிச்சென்ற நிறமும் முடியும் உள்ளதை ஒதுக்கிவிட்டு மற்றதை நெருப்பில் வாட்டினால் எந்த நஞ்சும் போய்விடும். நம் முன்னோரும் ஈசல் தின்றவர்கள்தானே என்று கடைசியில் ஒரு பண்பாட்டு முலாம். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. நம்பிக் காட்டுக்குள் போகிறவனின் வயிற்றை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

முதலில் அந்த 200 கோடி. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து எடுத்த எண் அது. பின்னாளில் அதை எழுதிய ஆய்வாளர்களே அந்த எண்ணைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். எண் கிடக்கட்டும். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கட்டுரையாளர் அதைத் தொடவில்லை. உலகில் தின்னப்படுவதாகப் பட்டியலிடப்பட்ட பூச்சியினங்கள் 1,900க்குச் சற்று மேல். அறிவியல் பெயர் சூட்டியிருக்கும் பூச்சியினங்களோ ஏறக்குறைய பத்து லட்சம். ஐந்நூறில் ஒன்றைத்தான் மனிதர் யாரோ எங்கோ தின்று பார்த்து, பரவாயில்லை என்றிருக்கிறார்கள். மீதி 499க்கும் கட்டுரையாளர் தன் சொந்தப் பொறுப்பில் நற்சான்று வழங்குகிறார்.

தின்கிறவர்கள் எப்படித் தின்கிறார்கள் என்று அவர் ஒரு நொடியாவது பார்த்திருக்க வேண்டும். ஜிம்பாப்வேயிலும் போட்ஸ்வானாவிலும் மோபானே புழுவைப் பிடித்ததும் இரு விரல்களுக்கிடையே அழுத்திக் குடலைப் பிதுக்கி எறிகிறார்கள். பிறகு உப்புநீரில் வேகவைத்து வெயிலில் காயப்போடுகிறார்கள். அதே ஜிம்பாப்வேயில் ஒரு வகை நாற்றப் பூச்சியை உயிரோடு வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கிளறுகிறார்கள். தற்காப்புக்காக அது வைத்திருக்கும் திரவத்தை நீரிலேயே பீய்ச்சிவிட வேண்டும் என்பதற்காக. பீய்ச்சும் முன்பே செத்துப்போனதைப் பொறுக்கி ஒதுக்குகிறார்கள். ஒடிசாவின் மயூர்பஞ்சில் முசுறு எறும்புச் சட்னி 2024இல் புவிசார் குறியீடு பெற்றது. அது முசுறுக்குக் கிடைத்த குறியீடு. எறும்புக் குலத்துக்கே கிடைத்ததல்ல.

நம் ஈசலும் அப்படித்தான். கோடை மழை ஓய்ந்த மாலையில் எந்தப் புற்றில் கிளம்பும் என்று தெரிந்தவர்தான் அங்கே விளக்கு வைப்பார். பிடித்ததை வாணலியில் லேசாகப் புரட்டி, இறகு உதிரத் தேய்த்து, முறத்தில் புடைத்து, அரிசியும் பொட்டுக்கடலையும் சேர்த்து வறுப்பார்கள். அளவு மிஞ்சினால் வயிற்றால் போகும் என்று ஒரு பிடிக்கு மேல் பிள்ளைகள் கையில் தரமாட்டார்கள். புறநானூற்றுக் காலத்திலேயே ஈயல் என்ற பெயரில் ஈசல் உணவில் இருந்தது என்பது உண்மை. முன்னோர் தின்றது ஈசலை. எதிர்ப்பட்டதையெல்லாம் அல்ல. ஒரு பூச்சி, ஒரு பருவம், ஒரு பக்குவம் என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவில் இருந்து ஆளையும் பக்குவத்தையும் கழற்றி எறிந்துவிட்டு, பூச்சியை மட்டும் நம் கையில் கொடுக்கிறார் கட்டுரையாளர்.

அந்த அறிவு இருந்துமே சறுக்கியவர்கள் உண்டு என்பதையும் அவர் அறியவேண்டும். கென்யாவில் பிளாஸ்டிக் பையில் அடைத்து வைத்திருந்த ஈசலைத் தின்றவர்களை பொட்டுலிசம் நஞ்சு தாக்கியது. 1980இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் அதைப் பதிவுசெய்தது. ஈசலில் குற்றமில்லை, காற்றுப் புகாத பைதான் நஞ்சுக்கு வழிவிட்டது. பழகிய பூச்சிக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத பூச்சியை என்ன சொல்வது?

அடுத்து, பாங்காக் தெருவில் வறுத்த சில்வண்டு தின்றதைக் கட்டுரையாளர் சாட்சியாக நிறுத்துகிறார். தாய்லாந்தில் சில்வண்டு வளர்ப்போர் மட்டும் சுமார் 20,000 பேர் என்கிறது அவர் நம்பும் அதே அறிக்கை. அவர் தட்டில் விழுந்தது தொட்டியில் தீவனம் போட்டு வளர்த்த பண்ணைப் பூச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். காட்டுப் பூச்சி பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு அந்தத் தட்டு எந்தப் பதிலும் சொல்லாது.

இனி அவருடைய நிற விதி. பளிச்சென்று இருந்தால் விஷம், மங்கலாக இருந்தால் விருந்து. மோபானே புழுவின் உடம்பெல்லாம் வண்ணப் புள்ளியும் முள்ளும். இந்த விதிப்படி அதைத் தூக்கி எறிய வேண்டும், லட்சக்கணக்கானோர் தின்கிறார்கள். மறுபக்கம், சிட்னியில் 2010இல் ஓர் இளைஞர் நண்பர்கள் சவாலுக்காக ஓடில்லாத நத்தை ஒன்றை விழுங்கினார். பூச்சி அல்லதான், ஆனால் கட்டுரையாளரின் பட்டியலில் நத்தைக்கும் இடமுண்டு. மங்கிய நிறம், முடி கிடையாது, கொடுக்கு கிடையாது. விதியின்படி பத்துக்குப் பத்து. அதனுள் இருந்த எலி நுரையீரல் புழு அவர் மூளையைத் தாக்கியது. ஓராண்டுக்கும் மேலாக நினைவிழந்து கிடந்து, கைகால் முடங்கி, 2018இல் இறந்தார். ஒட்டுண்ணிக்கு நிறம் கிடையாது, வெளியே தெரியாது.

வெட்டுக்கிளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு தின்னலாம் என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறார். 2020 மே மாதம் பாலைவன வெட்டுக்கிளி வடநாட்டில் நாசம் செய்துகொண்டிருந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் கூட்டங்கூட்டமாக வெட்டுக்கிளி கண்டு மக்கள் மிரண்டார்கள். வேளாண் அதிகாரிகள் வந்து பார்த்து, இது உள்ளூர் எருக்கு வெட்டுக்கிளி, பயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். பயிருக்குத்தான் ஆபத்தில்லை. எருக்கம்பாலில் உள்ள, இதயத்தைத் தாக்கும் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும் இனம் அது. தொட்டால் அந்த நஞ்சையே பீய்ச்சும். அந்த ஊரில் ஆடுமாடு வாய்வைக்காத எருக்கைத் தின்று வளர்ந்த பூச்சியை மனிதன் மட்டும் தின்னலாம் என்று எந்தப் புத்தகம் சொல்லிற்று? பூச்சி தின்றது எதுவோ, அதையே நாமும் தின்கிறோம்.

வாட்டினால் சரியாகிவிடும் என்பது இதைவிட மோசமான உளறல். துவரைப் பூவிலும் வெண்டைப் பூவிலும் கறுப்பும் ஆரஞ்சும் பட்டைபோட்டு உட்கார்ந்திருக்கும் கொப்புள வண்டை விவசாயிகள் அறிவார்கள். கையில் நசுங்கினால் தோல் வெந்ததுபோல் கொப்பளிக்கும். அதிலுள்ள கேந்தரிடின் என்ற நஞ்சு உள்ளே போனால் வாய், குடல், சிறுநீரகம் எல்லாம் புண். சில பத்து மில்லிகிராமே ஆளைக் கொல்லும். அமெரிக்காவில் இந்தக் குடும்பத்து வண்டுகள் குதிரைமசாலில் சிக்கி, காய்ந்து கட்டாகி, பல மாதம் கழித்துக் குதிரைகளைக் கொல்கின்றன. அந்த வண்டுகளில் சாம்பல் நிறத்தவையும் முழுக் கறுப்பும் உண்டு, நிற விதி அங்கும் செல்லாது. காய்ந்தாலும் போகாது, சூட்டிலும் சிதையாது.

நைஜீரியாவின் தென்மேற்கில் மழைக்காலம் வந்தால் சிலருக்கு நடை தள்ளாடும், கைகால் நடுங்கும், நினைவு குழம்பும். அந்தப் பருவத்தில் வறுத்துத் தின்னும் அனாஃபே என்ற பட்டுப்புழுதான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி அதில் இருக்கிறது, சமையல் சூட்டையும் ஓரளவு தாங்குகிறது. ஏற்கெனவே மரவள்ளியை நம்பி வாழ்ந்து, பி1 குறைந்துபோன உடம்பில் அது பாய்கிறது. பட்டினி கிடக்கும் உடம்பும் அதே நிலையில்தான் இருக்கும்.

சமைத்தாலும் போகாத இன்னும் சில உண்டு. இறாலும் நண்டும் ஒவ்வாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமல் போகலாம். இரண்டுக்கும் பொதுவான புரதமே காரணம். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் மஞ்சள் மாவுப்புழுவை உணவாக அனுமதித்தபோது இந்த எச்சரிக்கையைப் பொட்டலத்தில் அச்சிடச் சொன்னது. காட்டில் பொட்டலம் இல்லை, மூச்சுத் திணறினால் ஊசி போட ஆளும் இல்லை. பூச்சிமருந்தோ எல்லா இடத்திலும் இருக்கிறது. 1980களின் கடைசியில் குவைத்தில் உணவுக்காகப் பிடித்த வெட்டுக்கிளிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் கண்டறியப்பட்டது. 2020இல் ராஜஸ்தானில் அதே பாலைவன வெட்டுக்கிளிமேல் நம் அரசு தெளித்தது மாலத்தியான். மருந்தில் தள்ளாடும் பூச்சிதான் கைக்கு எளிதாகச் சிக்கும் என்பதைச் சொல்ல ஆய்வு வேண்டாம்.

இனி அந்தப் புரதக் கணக்கு. அமெரிக்க ராணுவத்தின் பழைய உயிர்பிழைப்புக் கையேட்டில், பூச்சியில் 65 முதல் 80 சதவீதம் புரதம், மாட்டிறைச்சியில் 20 சதவீதம் என்று ஒரு வரி உண்டு. அந்த வரியைத்தான் மூன்று மடங்கு என்று முழங்கியிருக்கிறார். அது உலர்த்திய பூச்சியின் கணக்கு, மாட்டிறைச்சிக்கு ஈரத்தோடு போட்ட கணக்கு. கருவாட்டையும் பச்சை மீனையும் ஒரே தராசில் நிறுத்துவிட்டு, கருவாட்டில்தான் சத்து அதிகம் என்பது போன்ற வித்தை. அதே கையேட்டில், கடிப்பது, கொட்டுவது, நாறுவது, உண்ணி, ஈ, கொசு, சிலந்தி ஆகியவற்றைத் தொடாதே, கெட்டி ஓடுள்ளவற்றில் ஒட்டுண்ணி இருக்கும், வேகவைக்காமல் தின்னாதே என்றெல்லாம் எழுதியிருக்கிறது. பளிச்சென்ற நிறமும் முடியும் உள்ளவையும் அதே பட்டியலில் உண்டு, அவை மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்கின்றன.

சரி, ஆபத்தெல்லாம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பலன் என்ன? பெரிய பாலைவன வெட்டுக்கிளி ஒன்றின் எடை ஏறக்குறைய 2 கிராம். தாராளமாகப் போட்டாலும் ஒன்றில் மூன்றரை கிலோகலோரி தேறும். நூறு பிடித்தால் 350. ஒரு நாள் தேவையில் ஆறில் ஒரு பங்கு. நூறு வெட்டுக்கிளியைத் துரத்திப் பிடிக்க எத்தனை கலோரி செலவாகும், எவ்வளவு வியர்வை போகும் என்று கட்டுரையில் கணக்கு இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் கிளைகள். கட்டுரையின் வேரே அழுகல். வழிதவறியவனைப் பசி கொல்லும் என்று அவர் நினைக்கிறார். 1956இல் விருதுநகரில் உணவை மறுத்துப் போராடிய சங்கரலிங்கனார் 76 நாள் உயிரோடு இருந்தார். 1987இல் இலங்கையின் நல்லூரில் தண்ணீரையும் மறுத்துப் போராடிய திலீபன் 12ஆம் நாள் இறந்தார். அவர்களின் அரசியல் இங்கே பேச்சல்ல, உடம்பின் கணக்கு மட்டும். உணவின்றி வாரங்கள், நீரின்றி நாள்கள். 2022இல் பாலக்காடு அருகே மலையிடுக்கில் 40 மணி நேரத்துக்கு மேல் சிக்கிக்கொண்ட இளைஞர் தவித்தது தண்ணீருக்கு. பெயர் தெரியாத பூச்சியைத் தின்று வாந்தியும் பேதியும் கண்டால் ஒரே இரவில் லிட்டர் கணக்கில் நீர் போகும். வாரக்கணக்கில் தாங்கும் பசிக்குப் பயந்து, நாள்கணக்கில் கொல்லும் தாகத்தை விலைகொடுத்து வாங்கச் சொல்கிறார்.

பிழைத்து வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1971இல் பெருவில் விமானம் சிதறி அமேசான் காட்டில் விழுந்த 17 வயது ஜூலியானே கெப்கே, விலங்கியலாளர்களின் மகள். அந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர். காடு தெரிந்ததாலேயே தெரியாத எதையும் வாயில் வைக்கவில்லை. கிடைத்த மிட்டாய்ப் பையோடு, ஓடைநீர் குடித்து, ஓடை வழியே இறங்கி 11ஆம் நாள் மனிதர்களை எட்டினார். 2023இல் கொலம்பியாவில் விமான விபத்துக்குப் பின் 40 நாள் காட்டில் தாக்குப்பிடித்த நான்கு பழங்குடிக் குழந்தைகளைக் காப்பாற்றியது விமானத்தில் இருந்த மரவள்ளி மாவும், பெரியவர்கள் காட்டிக்கொடுத்திருந்த காய்கனி விதைகளும். தெரிந்ததைத் தின்றார்கள்.

வாரங்கள் கடந்து, வேறு எதுவுமே இல்லாமல், நெருப்பும் நீரும் கைவசம் இருக்க, தனக்குப் பெயரும் பழக்கமும் தெரிந்த பூச்சியை ஒருவர் இறகும் காலும் நீக்கி நன்றாக வேகவைத்துக் கொஞ்சமாகத் தின்றால் அதை நான் குறைசொல்ல மாட்டேன். அது வேறு வழியில்லாதவர் தெரிந்தே எடுக்கும் துணிச்சல். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவது மோசடி. டிஸ்கவரி தமிழில் பியர் கிரில்ஸ் புழுவைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு மலையேறும் கல்லூரிப் பையன்கள் இந்தக் கட்டுரையையும் படிப்பார்கள். கிரில்ஸ் படப்பிடிப்பின் சில இரவுகளை விடுதியில் கழித்தார் என்பது 2007இலேயே வெளிவந்தது. பையன்களுக்கு விடுதியும் இல்லை, கேமராவுக்குப் பின்னால் குழுவும் இல்லை.

கட்டுரையாளர் இதற்கு மறுப்பு எழுதுவாரானால் நான்கு விவரம் தரட்டும்: எந்தப் பூச்சி, எந்த ஊர்க் காடு, எந்த மாதம், யாருடைய கைப்பக்குவம். நான்கையும் சொல்ல முடிந்த பூச்சியைப் பற்றி மட்டும் எழுதட்டும், நானே விரும்பிப் படிப்பேன். சொல்ல முடியாத மிச்சப் பூச்சிகளைப் பற்றி, தண்ணீரைத் தேடுங்கள், இருக்கும் இடத்தைத் தெரியப்படுத்துங்கள், தெரியாததை வாயில் வைக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியால் ஓர் உயிராவது பிழைக்கும், அவர் எழுதிய அந்தக் கட்டுரையால் பிழைக்காது.