நீச்சலாசிரியருக்குச் சான்று வேண்டும். ஆனால் அது பாட்டியாலாவின் சான்று அன்று



சென்ற மாதம் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில், கேம்பல் பே குழந்தைகளுக்கு நீச்சல் கற்பிக்கத் தகுதிச்சான்று பெற்ற ஆசிரியர்கள் தேவை என்றேன். "கடலோடு வளர்ந்தவர்களுக்குச் சான்றிதழா? மரபறிவை அரசுத் தாளுக்குள் அடைக்கப் பார்க்கிறீர்களே!" என்றார் மூத்த ஆய்வாளர் ஒருவர். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்புக்குத்தான் இந்த மறுப்பு.

மொழியியல் படித்தவர்கள் இப்பிழையை உடனே இனங்காண வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட எவரும் வேற்றுமை உருபைப் பிழையின்றிக் கையாளுவார், "ஏன் அங்கே ‘ஐ’ வரவில்லை?" என்று அயலார் கேட்டால் திகைத்து நிற்பார். அறிவு அவரிடம் இருக்கிறது. அது எடுத்துரைக்கத்தக்க வடிவில் இல்லை. நீச்சலும் அவ்வாறே. ஐந்து வயதில் தானாகக் கற்றவருக்கு, நீரில் முகம் புதைக்க அஞ்சும் குழந்தையின் அச்சம் விளங்குவதே அரிது. "கையை வீசு, காலை உதை" என்பார். மூச்சை எப்போது விடுவதென்று சொல்லமாட்டார். தாம் விடுவதையே அவர் கவனித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீரில் மூழ்குபவர் கையசைத்துக் கூவுவார் என்பது திரைப்படம் தந்த நம்பிக்கை. பெரும்பாலும் ஓசையின்றியே மூழ்குகிறார்கள். இருபது குழந்தைகளைத் தனியொருவராக நீருக்குள் இறக்கி, ஒருவனின் கையசைவைத் திருத்திக்கொண்டிருப்பவர் பத்தடி தள்ளி நடப்பதை அறியமாட்டார். எத்தனை பேருக்கு ஓர் ஆசிரியர், எவ்வளவு ஆழம், கரையில் யார் நிற்பது என்பவை நீந்தத் தெரிவதால் மட்டும் வரும் அறிவு அல்ல.

கேம்பல் பேக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 1969 முதல் பஞ்சாப், மராட்டியம், கேரளம், ஆந்திரம், தமிழகம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன; அவர்களுள் பலர் கடலறியாத உழவர் வழியினர். நிக்கோபாரியரின் நிலையோ வேறு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அவர்களுள் பலர் முன்னோர் வாழ்ந்த கரைகளை விட்டு, ராஜீவ் நகரிலும் நியூ சிங்கேனிலும் அமர்த்தப்பட்டனர். அந்நிலநடுக்கத்தில் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. நிலத்தில் நின்ற கலங்கரை விளக்கம் இன்று நீரில் நிற்கிறது. கரையே இடம்பெயர்ந்த தீவில், பாட்டனார் கற்பித்த ஆழமும் நீரோட்டமும் அப்படியே பேரனுக்குப் பொருந்தும் என்று சென்னையில் தேநீர் அருந்தியபடி சொல்வது, மரபறிவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இனி மறுதரப்பு. "முறையான சான்று ஏற்கெனவே இருக்கிறதே" என்போர் சுட்டுவது பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயத்தை. அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. போட்டி வீரரை உருவாக்க அது தேவை. ஆனால் பட்டப்படிப்பும் போட்டிகளில் பங்கேற்ற சான்றும் கேட்கும் அப்படிப்பின் நோக்கம் பதக்கம். மிதக்கத் தெரியாத ஏழு வயதுச் சிறுமி அதன் பார்வையில் இல்லை. ஆங்கிலேயர் போட்டிப் பயிற்சியாளரையும் நீச்சலாசிரியரையும் இருவேறு தொழிலாகப் பிரித்துத் தனித்தனித் தகுதி வகுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ‘ஆஸ்ட்ஸ்விம்’ 1979 முதல் ஆசிரியர்களுக்கென்றே உரிமம் தருகிறது. நாமோ இருவரையும் ‘பயிற்சியாளர்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். சொல் ஒன்றாகவே, சான்றும் ஒன்று போதும் என்று நினைத்துவிட்டோம் போலும்.

இதன் விளைவைக் களப்பணியில் கண்டேன். ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர், படையில் பயின்ற நீச்சலை அமைதியான ஓர் ஆழமற்ற துறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தார். பள்ளியொன்று அவரை அழைக்க விரும்பியது, பின்னர் சான்றிதழ் கேட்டது, அவரிடம் இல்லை. பள்ளி கேட்டது தவறன்று, பொறுப்பு அதனுடையது. ஆனால் அவர் பெறக்கூடிய சான்று எதுவும் அவருக்கு எட்டும் தொலைவில் இல்லை. ஸ்ரீ விஜயபுரமே 500 கி.மீ.க்கு அப்பால், கப்பலில் ஒரு நாளுக்கும் மேற்பட்ட பயணம். அவர் கற்பிப்பதை நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் நீரில் இறங்குவதை நிறுத்தவில்லை.

நாட்டில் 2022-இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தோர் 38,000-க்கும் மேல் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். வங்கதேசம் இதற்குக் காத்திருக்கவில்லை. ‘ஸ்விம்சேஃப்’ திட்டத்தில் ஊர்க்காரர்களையே ஆசிரியராகப் பயிற்றுவித்து, ஊர்க்குளத்தில் மூங்கில் மேடை கட்டி, நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் கற்பித்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையில் நின்றபடியே பிறரை மீட்கத் தெரிய வேண்டும், தேர்ச்சிக்கு இவ்வளவே. பயின்ற குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது என ஆய்வு காட்டியது. ஆசிரியராக வந்தவர்களிடம் பதக்கம் இல்லை. தணிக்கைக்கு உட்பட்ட பயிற்சி இருந்தது.

நீச்சல் ஆழிப்பேரலையைத் தடுக்காது என்பீர்கள், உண்மை. கழிமுகத்து உவர்நீர் முதலையையும் தடுக்காது. எந்த நீரில் இறங்கக் கூடாது என்பதைப் பாடமாக்காத சான்று எனக்கும் வேண்டாம். அதனால்தான் குளோரின் குளத்துத் தேர்வை இங்கே அப்படியே கொண்டுவர இயலாது என்கிறேன். எழுத்துத் தேர்வைவிடச் செய்முறைத் தேர்வு, தாவாமல் கழியும் கயிறும் நீட்டி மீட்கும் பயிற்சி, இதய மீட்பு முதலுதவி, குறித்த காலத்தில் புதுப்பித்தல், உள்ளூர் நீரறிந்த முதியவர் ஒருவர் தேர்வுக்குழுவில். தேர்வாளர்கள் கப்பலேறித் தீவுக்கு வரட்டும்.

உடற்கல்வித் துறை நண்பர்கள் இதைப் படிப்பீர்கள் என அறிவேன். ஆறு வாரப் பாடத்திட்டம் ஒன்றை வரையுங்கள். தமிழ் வடிவத்தை நான் எழுதித் தருகிறேன். நிக்கோபாரிய வடிவத்தை அம்மொழி பேசுவோரே எழுத வேண்டும், கேட்க வேண்டியவர்களை நான் அறிவேன். அந்தப் படைவீரருக்கு இன்னும் நீந்த முடிகிறது.