நாலு குட்டிப் பூதங்கள்

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் உருவாக்கிய விளையாட்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருத்தர் வீரன், ஒருத்தர் மந்திரவாதி. 'டன்ஜன் மாஸ்டர்' என்கிற கதைசொல்லி பூதங்களை ஏவிவிடுவார். அடி விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

இதில் எனக்குப் பிடித்தது, எத்தனை பூதம் அனுப்பலாம் என்கிற கணக்கு. ரொம்ப லேசாக இருந்தால் ஆட்டக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள். ரொம்பக் கஷ்டமென்றால், மாசக்கணக்கில் வளர்த்த வீரன் அஞ்சு நிமிஷத்தில் காலி. சிநேகிதமும் காலி!

2014-ல் வந்த விதிப்புத்தகத்தில், காப்ளின் என்கிற குட்டிப் பூதத்துக்கு 50 புள்ளி. நாலு புதுமுக வீரர்களுக்கு எதிரே ஒரு காப்ளின் வந்தால் ஜுஜுபி. நாலு வந்தால்? '200தானே' என்பீர்கள். இல்லை சார், கூட்டத்துக்காக இரண்டால் பெருக்கி 400. அந்தப் புதுமுகங்களுக்கு 400-ஐத் தொட்டாலே உயிருக்கு உலை! காரணம் சிம்பிள். நாலு பேர் வந்தால் ஒரு சுற்றுக்கு நாலு அடி. தெருச்சண்டையில் பயில்வானே கூட்டத்திடம் உதை வாங்குவதில்லையா?

2024 புத்தகத்தில் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். கூட்டத்தின் அடியை யார் எடுப்பது?

என் கட்சி இதுதான்: கணக்கு பாதி, எதிரே இருப்பவர் முகத்தைப் படிப்பது மீதி. நல்ல கதைசொல்லி நன்றாகப் பயமுறுத்துவார். தப்பி ஓட ஒரு கதவையும் திறந்து வைத்திருப்பார்.